ஓம், சொல்லுறன் என்றேன்

பிளேன்ரீக்குள் சீனி போட்டுக் கலக்கினால் எனக்குப் பிடிக்காது. பனங்கட்டித் துண்டை ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வெறும் தேநீரைக் குடிக்கத்தான் பிடிக்கும். இதை முதலில் கவனித்தவர் உங்கள் சின்னம்மா. அவருடைய வீட்டுக்கு நான் போன இரண்டாம் நாளே கோப்பைக்குப் பக்கத்தில் பனங்கட்டி இருந்தது. என்னைப் பெற்ற அம்மாவுக்கு இது தெரியாது. ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்டபடியால் இதிலிருந்து தொடங்குகிறேன். இருங்கள், கோபிகா அக்கா. அந்தக் கதிரையின் கால் ஆடும், மற்றதில் இருங்கள். வகுப்புக்கு ஆட்கள் வர இன்னும் நேரம் இருக்கிறது.

நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மா பாலேஸ்வரி நேற்று விடியப்புறம் போய்விட்டார். அச்சுவேலி வீட்டில் கிடத்தியிருக்கிறீர்கள், நாளைக் காலை எடுக்கிறீர்கள். அதற்கு முன் அவருடைய ஒரே தங்கை குணலட்சுமி வந்து முகம் பார்க்கவேண்டும். கொக்குவிலில் வீடு பூட்டியிருந்ததால் என்னைத் தேடி இந்த வகுப்பறைக்கு வந்திருக்கிறீர்கள். தலைகூட வாரவில்லை. அழவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். துக்கத்தில் இருப்பவரிடம் அப்படிச் சொல்லக்கூடாது என்று இங்கேதான் படித்தேன்.

எனக்கு ஒரு குணம். எதையும் ஒழுங்காக, முதலில் நடந்ததை முதலில் வைத்துச் சொல்லாவிட்டால் நானே குழம்பிவிடுவேன். ஒவ்வொரு நாளும் படுக்கமுதல் அன்றைக்கு என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எழுதிப் பார்ப்பேன். எழுதினாலும் பாதி நாள் சந்தேகம் தீராது. உங்களிடம் வாயால் சொல்லிப் பார்க்கிறேன். தீருகிறதா என்று பார்ப்போம்.

பகலில் நான் மருந்துக் கடையில் நிற்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் குளிசையைப் பார்ப்பார்கள், மிச்சக் காசைப் பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பதில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணையின் குழந்தையைப் பார்க்கவென்று பிரான்சுக்குப் போன அம்மா அங்கேயே நின்றுவிட்டார். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் போனார்கள். சேர்ந்து தொடங்கிய வட்ஸ்அப் குழுவில் இப்போது பிறந்தநாள் கேக்குகள் மட்டும் வருகின்றன. உளவளத்துணை, அதுதான் கவுன்சலிங், மாலை வகுப்பு என்று விளம்பரம் பார்த்தபோது, மனிதரோடு பழகுவதை யாராவது முறையாகச் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தேன்.

கிறிஸ்ரோபர் சேர் நல்லாகப் படிப்பிப்பார். முதல் நாள் சொன்னார்: “எப்பிடி இருக்கிறியள் எண்டு எங்கடை சனத்திட்டைக் கேட்டுப் பாருங்கோ. ‘இருக்கிறம்’ எண்டுதான் சொல்லுவினம். உந்த ‘இருக்கிற’த்துக்குள்ளை என்ன கிடக்கு எண்டு தோண்டி எடுக்கிறதுதான் எங்கடை வேலை.” எல்லோரும் சிரித்தார்கள். மனவெழுச்சி நுண்ணறிவு பற்றிப் படித்த வாரம் தனிமையைப் பற்றியும் சொன்னார். இருபதுகளில் இருக்கிறவர் தன்னை ஒருவருக்கும் தெரியாது என்று வாடுவாராம். நடுவயதுக்காரருக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், ஆனால் இவருக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அறுபதுக்குக் கிட்டப் போனவர் தனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை என்பார். உறவுக்குள் என்ன நடந்தாலும் கடைசியாகத்தான் காதில் விழும். சேர் சொன்னவற்றில் முதலாவதுக்குக் கீழே கோடு போட்டேன். மூன்றாவதை அப்போது விளங்கிக்கொள்ளவில்லை.

பயிற்சிக்காக வேறு வயதில் உள்ள ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அறுந்துபோன உறவு ஒன்றை ஒட்டவைக்க உதவவேண்டும். நான் உங்கள் சின்னம்மாவைத் தெரிந்தெடுத்தேன். பிரஷர் குளிசைக்குக் கடைக்கு வருவார். பள்ளிக்கூடக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கலியாணம் செய்யாதவர், தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தவர். எப்படி இருக்கிறீர்கள் அன்ரி என்றேன். “இருக்கிறன் பிள்ளை” என்றார். அந்தப் பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் கலியாணத்தில் அக்கா தங்கை உறவு முறிந்த கதையை எனக்குச் சொல்ல அவருக்கு அதிக நாள் எடுக்கவில்லை. நல்ல காரியம் என்றால் வீடு தேடி வந்து வாயால் சொல்லவேண்டும், வெறும் அழைப்புக் காட் காணாது. உங்கள் அம்மாவும் அப்பாவும் சொல்ல வந்த அன்று அன்ரி கந்தோரில் நின்றார். அவர்கள் காட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இன்னொரு நாள் வருவோம் என்று போனார்கள். கலியாண வேலையில் வரமுடியவில்லை. அன்ரி கலியாணத்துக்கு வரவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மைக்குப் போய்வருவது அற்றுப்போனது. “கூடப்பிறந்தவளுக்கு, மீன்காரனுக்குச் சொல்லிவிட்ட மாதிரிப் பக்கத்து வீட்டிலை சொல்லிப்போட்டுப் போறதோ?” என்று அன்ரி கேட்டார். கலியாணத்துக்கென்று வாங்கிய குங்கும நிறப் பட்டுச்சேலை அத்தனை வருடமும் கட்டாமலே அலுமாரியில் கிடந்தது.

நான் அச்சுவேலிக்குப் பஸ் ஏறி வந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சேலையைப் பற்றி உங்கள் அம்மாவிடம் சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. எந்த இடத்தில் எதைச் சொன்னால் ஒரு மனிதர் இளகுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்படி ஒரு திறமை இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்த கிழமை உங்கள் அம்மா கொக்குவிலுக்கு வந்தார். ஓட்டோவால் இறங்கினதும் வாசலில் நின்றே சொன்னார்: “என்னடி குணம், இண்டைக்காவது வீட்டிலை நிக்கிறாய்.”

“நீ வாறாய் எண்டு தெரிஞ்சிருந்தால் எங்கையாவது போயிருப்பன்.”

பின்னால் நின்ற உங்கள் அப்பா கனகரத்தினம் ஐயா, “இரண்டு பேரும் சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்கோ, வெங்காயப் பை கையை அறுக்குது” என்றார். அதற்குப் பிறகு சகோதரிகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் தேத்தண்ணி போட்டேன். கிறிஸ்ரோபர் சேர் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். அந்தக் கிழமை நான் சந்தோசமாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததை நான் முன்கூட்டி யோசித்திருக்கவேண்டும். அன்ரிக்குக் கதைக்க ஆள் கிடைத்துவிட்டது. நான் போகும் நேரத்தில் ரெலிபோனில் உங்கள் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருப்பார், கையால் கதிரையைக் காட்டுவார். “பிள்ளை, நாளைக்கு மினைக்கெட்டு வராதை, அக்கா வீட்டை போறன்” என்பார். போனால் தங்கி நின்றுதான் வருவார். பயிற்சி முடிந்துவிட்டது, இனி நான் போகவேண்டிய தேவையில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் மருந்துக் கடையைப் பூட்டியதும் கால் அன்ரி வீட்டு ஒழுங்கைக்குள்தான் திரும்பும்.

ஒரு நாள் நான் குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் உங்கள் அம்மாவின் குரல் கேட்டது.

“உந்தப் பெட்டை ஏனடி எந்த நாளும் இங்கை? வீடு வாசல் இல்லையோ?”

“மெல்லக் கதை. பாவமெல்லே. தாய் வெளிநாட்டிலை, கதைக்க ஒருத்தரும் இல்லை. வகுப்புக்கு ஏதோ எழுதவேணுமாம் எண்டு வந்தது, நானும் கதை குடுத்தன்.”

“நீ ஆருக்குத்தான் கதை குடுக்கேல்லை.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. நான் அவருக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என்மேல் இரக்கப்பட்டு வாசலைத் திறந்து விட்டிருக்கிறார். யார் யாருடைய பயிற்சி என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. கோப்பைகளைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, போயிட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். உங்கள் அம்மா, “கவனமாப் போ பிள்ளை, இருட்டுது” என்றார். அந்த அக்கறையும் உண்மையானதுதான். ஆனால் அதற்குள் நான் அவரை வெறுக்கத் தொடங்கியிருந்தேன்.

அடுத்து அன்ரியின் கண். வெண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்கு விட்டிருந்தார்கள். மற்றக் கண்ணும் சரியாகத் தெரியாது. உங்கள் அப்பாவுக்கு நெஞ்சு சுகமில்லாததால் அம்மாவால் வந்து நிற்க முடியவில்லை. என்னைக் கேட்டார்கள். நான் கடையில் லீவு போட்டுவிட்டு வந்து நின்றேன். சொட்டு மருந்து விடுவது, சமைப்பது, ரெலிபோன் அடித்தால் எடுப்பது எல்லாம் நான்தான்.

அந்த அழைப்பும் அப்படித்தான் வந்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“அனுஜாவோ? சின்னம்மாட்டைக் குடுங்கோ.”

“அவ இப்பதான் கண்ணயர்ந்தவ, அக்கா. என்னெண்டு சொல்லுங்கோ.”

“அப்பா போயிட்டார். காலமை. நாளைக்கு எடுக்கிறம். சின்னம்மாவுக்கு ஏலாதெண்டு தெரியும், எண்டாலும் ஒரு காரைப் பிடிச்சு ஒருக்காக் கொண்டு வாங்கோ. அம்மா அவவைத்தான் கேட்டுக் கேட்டு அழுறா.”

“ஓம் அக்கா, சொல்லுறன்.”

சொல்லத்தான் போனேன். அன்ரி விழித்திருந்தார். ஆர் பிள்ளை ரெலிபோனிலை என்றார். மருந்துப் போத்தலைக் கையில் எடுத்தபோது, கொஞ்ச நாளைக்கு அழக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது என்று தாதி சொன்னது நினைவுக்கு வந்தது. “ரெலிபோன் கொம்பனிக்காரர், அன்ரி” என்றேன். கண் ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். நானும் முழுதாக நம்பவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு குசினிக்குப் போய், உங்கள் வீட்டு எண்கள் இரண்டும் அந்த ரெலிபோனுக்கு வராதபடி செய்தேன். நீங்கள் எடுத்த அழைப்பின் பதிவையும் அழித்தேன். அழக்கூடாத கண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மிச்சத்தை நீங்களே செய்து தந்தீர்கள். சாவுத் தீட்டான துடக்கு உள்ள வீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் கழியும்வரை இன்னொருவர் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டீர்கள். எங்கள் கிறிஸ்தவ வேதக்கார வீட்டில் துடக்கு இல்லை, ஆனால் கொக்குவிலில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். வேறு யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். நீங்கள் அனுப்பவில்லை. கூடப்பிறந்தவளுக்கு ஒருதரம் சொன்னது காணாதோ, வெற்றிலை வைத்துக் கூப்பிடவேணுமோ என்று உங்கள் அம்மா கேட்டிருப்பார். அவர் அப்படித்தான் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரைப் பற்றி எனக்கு நல்லாகத் தெரிந்திருந்தது. நான்தானே ஒட்டவைத்தேன்; எங்கே ஒட்டினேன் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்ரிக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் என் வேலை. மரண அறிவித்தலைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வார். அடுத்த நாள் உங்கள் அப்பாவின் படம் வலது பக்க மூலையில் இருந்தது. மேலிருந்து ஒழுங்காக வாசித்துக்கொண்டு வந்து, அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். குரலில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்ரி சிரித்தார். “அப்ப இண்டைக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. தப்பினம்” என்றார்.

சில நாட்களில் அவர் கேட்கத் தொடங்கினார். “அக்கா ஒருக்கா ரெலிபோன் எடுத்துக் கண் எப்பிடி எண்டு கேக்கேல்லையே பிள்ளை.”

“அவைக்கு என்ன வேலையோ, அன்ரி” என்றேன்.

நான் உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை. எடுத்துப் பார் என்றால் எடுத்துக் காதில் வைப்பேன், மணி போகுது, எடுக்கினமில்லை என்பேன். பிறகு, “அவைக்கு உங்களிலை நல்ல விருப்பம்தானே” என்று ஆறுதல் சொல்வேன். ஒருவரைச் சந்தேகப்பட வைக்கவேண்டுமானால் அவர் சந்தேகப்படாதபோதே ஆறுதல் சொன்னால் போதும். இதை இந்த வகுப்பில் யாரும் படிப்பிக்கவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன்.

கண்ணில் வெயில் படக்கூடாது என்று கொஞ்சம் கூடுதலாகவே அவரை வீட்டில் வைத்திருந்தேன். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை என்று அறிவித்தல் வந்து, அதுவும் முடிந்தது. அதற்குப் பிறகு அன்ரி அச்சுவேலிக்குப் போகவேணும் என்றபோது நான் மறிக்கவில்லை. மறிக்காதது ஏன் என்று கேட்பீர்கள். தங்கை செத்தவீட்டுக்கு வரவில்லை என்ற கோபம் நாளடைவில் ஆறிவிடும். உங்கள் அம்மாவுக்கும் தங்கையில் நல்ல பாசம். ஒரு நாள் அழுதுகொண்டு வந்து நின்றுவிடுவார். ஆறாத ஒன்று வேண்டியிருந்தது.

அத்தானுக்குப் பயற்றம் பணியாரம் என்றால் உயிர் என்று அன்ரி தானே சுட்டார், நான் பக்கத்தில் நின்று உருட்டிக் கொடுத்தேன். எந்தச் சேலை கட்டுறது பிள்ளை என்றார். அலுமாரியைத் திறந்து அந்தக் குங்கும நிறப் பட்டை எடுத்துக் கொடுத்தேன். “உது கலியாணத்துக்கு வாங்கினதெல்லே” என்று வெட்கப்பட்டார். “அவை பார்த்தால் சந்தோசப்படுவினம், அன்ரி” என்றேன்.

உங்கள் வாசலில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் அன்ரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், நான் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்ரி பணியார வாளியோடு படியேறும்போதே கூப்பிட்டார்: “அத்தான் எங்கை? வாசத்துக்கே எழும்பி ஓடி வந்திருப்பார் எண்டெல்லோ நினைச்சன்.” உள்ளே படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மா வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு வந்து நின்றார். வாளி அன்ரியின் கையிலிருந்து விழவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வந்திட்டியோ?” என்றார் உங்கள் அம்மா. “முப்பத்தொண்டும் முடிஞ்சுது. பட்டுக் கட்டி, பணியாரத்தோடை வந்திருக்கிறாய். நல்லது.”

“அக்கா... எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“சொல்லேல்லையோ? கோபி ரெலிபோன் எடுத்துச் சொன்னவள். உன்ரை உந்தப் பெட்டைதான் எடுத்தவள்.”

அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். அன்ரி திரும்பி, “பிள்ளை, உனக்குச் சொன்னவையோ?” என்று கேட்டார். மிகவும் மெதுவாகக் கேட்டார். ஒரு சொல்லில் எல்லாவற்றையும் திருத்தியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. இது எனக்குத் தெரிந்தே இருந்தது.

“இல்லை, அன்ரி. ஒருத்தரும் எடுக்கேல்லை.”

“பொய் சொல்லுறாள்!” என்று நீங்கள் கத்தினீர்கள். “சின்னம்மா, உவள் பச்சைப் பொய் சொல்லுறாள். சொல்லுறன் எண்டு என்னட்டைச் சொன்னவள்.”

நீங்கள் அமைதியாகச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நீங்கள் கத்தினீர்கள். அன்ரியின் முகம் இறுகியது. “அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்காதை கோபி” என்றார். “அண்டைக்கு உன்ரை கலியாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லிப்போட்டுப் போனீங்கள். இண்டைக்கு என்ரை அத்தான் செத்ததை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் உங்களுக்கு ஆர்?” மனிதர் புதிய காயத்தைப் பழைய காயத்துக்குப் பக்கத்தில்தான் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் அந்தப் பழைய காயம் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு, சொல்லியும் வராத தங்கை. அன்ரிக்கு, சொல்லாமலே விட்ட அக்கா. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள், இருவருக்கும் மற்றவர் பொய்யர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை ஒருவர் நம்பி, எனக்காக இன்னொருவரோடு சண்டை பிடித்தது அதுதான் முதல் தடவை. அதைப் பற்றி அன்றிரவு எழுத முயன்றேன், சரியான சொல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலேயே தங்கத் தொடங்கினேன். அன்ரிக்குப் புது சிம் எடுத்துக் கொடுத்தேன், பழைய எண்ணால் மனவருத்தம்தானே என்று. அவர் கோயிலுக்குப் போவதும் குறைந்துவிட்டது. போனால் சனம், அக்கா எப்பிடி என்று கேட்கும். பின்னேரங்களில் நான் வரும்வரை விளக்குப் போடாமல் இருப்பார். சேலையை அலுமாரியில் வைக்க விடவில்லை, எரிக்கச் சொன்னார். சாப்பாட்டை ஊட்டாத குறையாகக் கொடுக்கவேண்டியிருந்தது. சில நாள் நான் கதைப்பது அவருக்குக் கேட்பதில்லை என்று தோன்றும். கோப்பைக்குப் பக்கத்தில் பனங்கட்டி வைப்பதும் நின்றுவிட்டது. அது எனக்குக் கொஞ்சம் கவலைதான். ஆனால் காலம் எடுக்கும் என்று சேர் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் நீங்கள் மருந்துக் கடைக்கே வந்தீர்கள். அம்மாவுக்குப் புற்றுநோய், டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள், தங்கச்சியைப் பார்க்கவேணும் என்கிறா என்றீர்கள். பிறகு குரலை மாற்றி, “உனக்கு என்னடி வேணும்? வீடோ? எழுதித் தரச் சொல்லுறன், எடுத்துக்கொண்டு அவவை விடு” என்றீர்கள். கடையில் ஆட்கள் நின்றார்கள். வீட்டுக்காக என்று நீங்கள் நினைத்தது என்னைப் புண்படுத்தியது. அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால், ஒருவேளை, நான் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லமுடியாது. நான் திரும்பவும் “ஓம் அக்கா, சொல்லுறன்” என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அன்ரியிடம், அச்சுவேலி ஆட்கள் கடைக்கு வந்து என்னைச் சனத்துக்கு முன்னால் ஏசிப்போட்டுப் போனார்கள் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. அன்ரி எனக்காக அழுதார். “இனி அந்தத் திசைக்கே போகாதை பிள்ளை” என்றார்.

நேற்று கே.கே.எஸ். வீதி மின்கம்பத்தில் உங்கள் அம்மாவின் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்ததைக் கண்டேன். இந்தமுறை ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அன்ரியின் புது எண் உங்களுக்குத் தெரியாது, துடக்கோடு நீங்கள் இன்னொரு வீட்டுப் படி ஏறமாட்டீர்கள். ஆனால் நான் எதையும் முழுதாக நம்புகிறவள் இல்லை. தாயைக் கிடத்திவிட்டு, துடக்கையும் பாராமல், தலைவிரி கோலமாக ஒரு மகள் வெளிக்கிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். அதனால் இன்று மத்தியானம் அன்ரிக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது நித்திரைக் குளிசையையும் கொடுத்தேன். தலையிடிக்கு என்றேன். அளவு எனக்குத் தெரியும், ஒரு தீங்கும் வராது. ராத்திரிக்கு இன்னொருதரம் கொடுப்பேன். நாளை மத்தியானத்துக்கு முதல் தெளிந்து எழும்பமாட்டார்.

இருங்கள். அப்படி எழும்பினால் கதிரை விழும். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த திறப்பை மேசையில் வைக்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள். தூக்கிக் காரில் ஏற்றலாம், யாரும் மறிக்கமாட்டார்கள். ஆனால் முகம் பார்க்கவேண்டியவரின் கண் மூடியிருக்கும். பொலிசுக்கும் போகலாம். நான் இப்போது சொன்னதை அங்கே சொல்லமாட்டேன், அதுதான் வித்தியாசம். அன்ரி எழும்பியதும் உங்கள் முகத்தைக் கண்டு, அனுஜா எங்கை என்றுதான் கேட்பார். நீங்கள் எல்லாவற்றையும் சொல்வீர்கள். கத்திச் சொல்வீர்கள். அவர் உங்களை நம்பமாட்டார்.

பிறகு நான் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாக அக்கா போன செய்தியைச் சொல்வேன். உடலை எடுத்த பிறகுதான் எனக்கும் தெரிய வந்தது என்று சொல்வேன். அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியும். நான்தான் சொல்லவேண்டும்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. இதை வேறொருவர் செய்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. பிரான்சுக்கு வரச்சொல்லி அம்மா போன கிழமை கேட்டார், அலுவல் எல்லாம் அண்ணை பார்க்கிறாராம். நான் ஏலாது என்று சொல்லிவிட்டேன். கூடப்பிறந்த ஒரே அக்காவும் இல்லாமல் போய்விட்ட ஒரு மனுஷியை, இந்த வயதில், இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போவதற்கு எனக்கு மனம் வராது.